வாக்குறுதிகளும் தேசங்களும்: பலஸ்தீனம் 1915–1922

முதலாம் உலக யுத்த காலத்திற் பிரித்தானியா ஒரே நிலத்தைப் பலருக்கு வாக்களித்தது என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்தாகும். இதில் உண்மையுண்டு. ஆயினும் இது வரலாற்றை ஒரு நேர்மையீனத்தின் கதையாகச் சுருக்கிவிடுகின்றது. எவருக்கு எது வாக்களிக்கப்பட்டது என்பதிலும் பார்க்க, எவர் ஒரு தேசிய இனமாக ஏற்கப்பட்டனர், எவர் ஏற்கப்படவில்லை என்பதே எமக்கு முதன்மையான வினாவாகத் தோன்றுகின்றது.

இவ்விரு தேசியவாதங்களும் ஏகாதிபத்தியத்தின் படைப்புகள் அல்ல. 1881 முதல் ருஷ்யப் பேரரசில் யூதருக்கெதிராக நிகழ்ந்த வன்செயல்களும், பிரான்சிலே ட்றைபஸ் வழக்கு வெளிக்கொணர்ந்த யூத எதிர்ப்புணர்வும், ஐரோப்பிய சமூகங்களிற் சமவுரிமையுடன் ஒன்றிவிடலாம் என்ற நம்பிக்கையைத் தகர்த்தன. 1897இல் பாசல் நகரில் ஹேர்ஸல் கூட்டிய முதலாவது சியோனிஸ மாநாடு இச்சூழலிலேயே எழுந்தது. அரபுத் தேசியவாதமோ மொழி, இலக்கிய மறுமலர்ச்சியாக அரும்பி, 1908இன் பின்னர் இளந்துருக்கியரின் மத்தியப்படுத்தற் கொள்கைக்கெதிரான அரசியற் கோரிக்கையாக வளர்ந்தது. 1913இற் பாரிஸிற் கூடிய அரபு மாநாடு பிரிவினையைக் கோரவில்லை. ஒட்டோமன் பேரரசினுள் அதிகாரப் பரவலாக்கத்தையே கோரியது. 1915, 1916ஆம் ஆண்டுகளில் ஜமால் பாஷா அரபுத் தலைவர்கள் பலரைத் தூக்கிலிட்டபின் அம்மிதவாதம் வலுவிழந்தது.

இரு இயக்கங்களும் சந்தித்த முறையையே ஏகாதிபத்திய இராஜதந்திரம் நிர்ணயித்தது. எகிப்திலிருந்த உயர் ஆணையாளர் மக்மஹோன், 1915 ஒக்டோபர் 24இல் மக்காவின் ஷெரீப் ஹுசைனுக்கு எழுதிய கடிதத்தில் அரபு சுதந்திரத்தை ஆதரிப்பதாக வாக்களித்தார். டமஸ்கஸ், ஹொம்ஸ், ஹமா, அலெப்போ மாவட்டங்களுக்கு மேற்கேயுள்ள சிரியப் பகுதிகள் அதிலிருந்து விலக்கப்பட்டன. பலஸ்தீனத்தின் பெயர் அங்கில்லை. 'மாவட்டம்' என்பது 'விலாயத்' என்னும் மாகாணத்தைக் குறித்தது, ஆகவே பலஸ்தீனமும் விலக்கப்பட்டதே எனப் பின்னர் பிரித்தானியர் வாதிட்டனர். ஹொம்ஸ், ஹமா என்ற பெயர்களில் விலாயத்துகளே இருந்ததில்லை! 1916 மே மாதத்துச் சைக்ஸ்–பிக்கோ உடன்படிக்கையோ பலஸ்தீனத்தின் பெரும்பகுதியைச் சர்வதேச நிருவாகத்துக்கு ஒதுக்கியது.

1917 நவம்பர் 2ஆம் திகதிய பல்பர் பிரகடனத்தின் நோக்கங்கள் தெளிவானவை: அமெரிக்காவிலும் ருஷ்யாவிலும் யூதரின் ஆதரவைப் பெறுதல், சுயெஸ் கால்வாயின் கிழக்குப் பக்கத்தைப் பிரான்சின் கைக்கு எட்டாது வைத்தல். அதன் சொல்லாட்சியே நுணுகி நோக்கத்தக்கது. பலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு 'தேசிய இல்லம்' அமைவதை அது ஆதரிக்கின்றது. அங்கு வாழ்ந்த அராபியரை 'யூதரல்லாத சமூகங்கள்' என்று, அவர்கள் எவரல்லர் என்பதைக்கொண்டே குறிப்பிடுகின்றது. அவர்களுக்குக் குடியியல், சமய உரிமைகளே உறுதியளிக்கப்பட்டன. 'அரசியல் அந்தஸ்து' என்ற தொடர் பிரகடனத்தில் இல்லாமலில்லை; ஆனால் அது பிற நாடுகளில் வாழும் யூதர் தொடர்பாகவே இடம்பெறுகின்றது. அமைச்சரவையில் இருந்த ஒரே யூதரான மொன்டேகு, யூதர் ஒரு தேசத்தினர் எனக் கொள்வது தத்தம் நாடுகளில் அவர்களை அந்நியராக்கிவிடும் என்று இதனை எதிர்த்தமை இன்று அதிகம் நினைக்கப்படுவதில்லை.

1922ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பலஸ்தீனத்தின் மொத்தக் குடித்தொகை 757,182. அதில் யூதர் 83,794. ஏறத்தாழ ஒன்பதில் எட்டுப் பங்கினரே 'யூதரல்லாத சமூகங்கள்' எனப்பட்டவர்கள். 1919இல் அமெரிக்காவின் கிங்–கிறேன் ஆணைக்குழு இம்மக்களின் விருப்பத்தைக் கேட்டறிந்தது. அதன் அறிக்கை 1922 வரை வெளியிடப்படவில்லை. டமஸ்கஸில் அமைந்த பைசலின் அரபு அரசும் 1920 ஜூலையில் மைசலூனில் நிகழ்ந்த சமரோடு பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. பலஸ்தீன அராபியர் தெற்குச் சிரியாவின் மக்களாக அன்றி, தனித்ததோர் அரசியற் சமூகமாக இயங்கவேண்டிய நிலை இதனால் விரைவுபெற்றது.

1922 ஜூலையிற் சர்வதேச சங்கம் அங்கீகரித்த ஆணைப் பத்திரம் பல்பரின் வாசகத்தைத் தன் முகவுரையிற் சேர்த்துக்கொண்டது. அதன் 4ஆம் உறுப்புரை யூத முகவராண்மை ஒன்றைப் பொது நிறுவனமாக ஏற்கின்றது. அராபியருக்கு அத்தகைய ஏற்பாடு எதுவுமில்லை. 22ஆம் உறுப்புரையில் அரபு என்ற சொல் வருகின்றது. அது மொழியின் பெயராகவே வருகின்றது.