டைல்ஸ் தரையும் வீட்டுச் சத்தமும்

டைல்ஸ் பதித்த புதுவீட்டுக்கு வந்த பின், "பிள்ளைகளின் சத்தம் தாங்க முடியவில்லை" என்று நீங்கள் குறைபட்டதுண்டா? அவர்களை ஏச முன் சற்றுத் தரையைப் பாருங்கள்.

டைல்ஸ், பளிங்கு, மினுக்கிய சீமெந்து ஆகியன தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கை மட்டுமே உள்வாங்கும். மிகுதி அறைக்குள்ளேயே திரும்பி வரும். சீமெந்து பூசிய சுவரும் ஏறத்தாழ அப்படித்தான். ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் விழும். விளங்கவில்லையென்று ஒருவர் குரலை உயர்த்த, மற்றவரும் உயர்த்துவார்.

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் இதே முறைப்பாடுதான். ஒரு விரிவுரை மண்டபத்திலே பேசிய சொல் ஐந்தரை வினாடி வரை ஒலித்துக் கொண்டிருந்தது. வாலஸ் சபீன் என்ற இளம் ஆசிரியர், வேறொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவரச் செய்து, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறதென்று இரவிரவாக அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறைக்கு அத்திவாரம் அந்த மெத்தைகள்தாம்!

நமது பன்பாய் மெல்லியது. ஒலியை அதிகம் குடிக்காது. அடியில் மெத்தைத் துணி வைத்த கனத்த கம்பளமோ, பேச்சின் நடுத்தர ஒலியில் பாதிக்கு மேல் உறிஞ்சிவிடும். ஆனால் தாழ்ந்த, தடித்த ஒலி அதற்கு அகப்படாது. கம்பளம் விரித்த பள்ளிவாசல்களிலும் சில வேளை இமாமின் கிராஅத் முழங்கித் தெளிவிழப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியைக் கூட்டுவது நிலைமையை மோசமாக்கும். (நமது நிர்வாகிகளுக்கு இதை விளங்கப்படுத்துவது வேறு கதை.)

மாடி வீடுகளில் இருப்போருக்கு இன்னொரு விடயம். கதிரை இழுப்பது, உரலில் இடிப்பது, பிள்ளைகள் ஓடுவது எல்லாம் தரையையே அதிரச் செய்து கீழ்வீட்டுக்கு இறங்கும். இங்கே கம்பளத்தின் பயன் மிகப் பெரிது. தடித்த விரிப்பொன்று அந்த அடியை விழும் இடத்திலேயே தணித்துவிடும். கீழே நோயாளியோ கைக்குழந்தையோ இருக்கும்போது இது அலங்காரமல்ல, அண்டை வீட்டாரின் ஹக்கு. உரலுக்கு அடியில் மடித்த சாக்கு, கதிரைக் கால்களுக்கு இறப்பர் மூடி போதும், செலவு சொற்பம்.

பிள்ளைகள் ஓதும் அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஓசை இழுபட்டால் அங்கே மக்ரஜ் பிரித்துக் கேட்பது கஷ்டம். ஒரு விரிப்பு, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, புத்தக அலுமாரி ஆகியவற்றை அங்கே வையுங்கள். வீட்டில் இழுப்பு நோயுள்ளவர் இருந்தால் நீளமான மயிர்க் கம்பளம் வேண்டாம், தூசி சேரும். கழுவி வெயிலில் உலர்த்தக்கூடிய தடித்த பருத்தி விரிப்பே நல்லது.