பின்னால் பார்க்கும் ஒலியும் ஒளியும்

மனிதனுடைய இரு கண்களும் முகத்தின் முன்புறம் அமைந்துள்ளன. முன்னோக்கி நடக்கவும் ஓடவும் ஏற்ற அமைப்பு இது. ஆனால் அவன் செய்த வண்டிகளோ முன்னும் போகும், பின்னும் போகும். பின்னால் போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. கழுத்தைத் திருப்பினாலும் முழுதும் தெரிவதில்லை. கண்ணாடியில் பார்த்தாலும் ஒரு பகுதி மறைந்தே இருக்கிறது.

லாரி ஓட்டுநர்கள் இதற்கு நெடுங்காலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிளீனர் கீழே இறங்கி, வண்டியின் பின்பக்கம் நின்று, "வா, வா" என்று குரல் கொடுப்பார். போதுமென்றால் வண்டியின் பக்கப் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். காருக்குக் கிளீனர் கிடையாது. அவருடைய வேலையை இன்று இரண்டு கருவிகள் பங்கிட்டுச் செய்கின்றன. ஒன்று, ஒலியால் தொலைவை அளக்கும் உணரி. கடைத்தெருவில் இதைச் 'சென்சார்' என்கிறார்கள். மற்றொன்று, பின்புறக் காட்சியை ஓட்டுநருக்கு முன்னுள்ள திரையில் காட்டும் கேமரா.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் தயாராகும் எல்லாக் கார்களிலும் பின்புற உணரி இருக்க வேண்டும் என்பது விதி. கேமராவும் பல கார்களில் இருக்கிறது. இவை எப்படி இயங்குகின்றன? இவற்றை எவ்வளவு நம்பலாம்? இரண்டாவது கேள்விக்கான விடை, முதல் கேள்வியின் விடையிலேயே அடங்கியிருக்கிறது. அதை அறிந்துகொள்ளப் பள்ளியில் நீங்கள் படித்த இயற்பியலே போதும்.

மறைந்திருக்கும் மூன்று மீட்டர்

முதலில் ஓட்டுநருக்கு எது தெரிவதில்லை என்று கணக்கிடுவோம். ஒரு சிறிய காரில் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பின்புறக் கண்ணாடிச் சன்னலின் கீழ் விளிம்பு 100 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இரண்டிற்கும் இடையே உள்ள கிடைத் தொலைவு 250 செ.மீ.

ஓட்டுநர் திரும்பி, அந்த விளிம்பை ஒட்டிப் பார்க்கிறார். பார்வைக் கோடு 250 செ.மீ. தொலைவுக்கு 20 செ.மீ. வீதம் தாழ்ந்து செல்கிறது. வடிவொத்த முக்கோணங்களின் விதிப்படி, விளிம்பிலிருந்து அது தரையைத் தொட இன்னும் 12.5 மீட்டர் போக வேண்டும்! அதாவது சன்னலுக்குப் பின்னால் 12.5 மீட்டர் வரை தரையே அவருக்குத் தெரியாது.

ஒரு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 75 செ.மீ. பார்வைக் கோடு 100 செ.மீ.இலிருந்து 75 செ.மீ.க்குத் தாழ, 3 மீட்டருக்குச் சற்று மேல் ஆகிறது. அந்த 3 மீட்டருக்குள் குழந்தை நேராக எழுந்து நின்றாலும் அதன் தலை முடிகூட ஓட்டுநருக்குத் தெரியாது. பக்கக் கண்ணாடிகள் வண்டியின் இருபுறங்களையும் காட்டுமே தவிர, நேர் பின்னால் உள்ள இந்த இடத்தைக் காட்டமாட்டா.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவில் 2002இல் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், சொந்தத் தந்தையே வீட்டு வாசலில் பின்னோக்கி எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்தான். அவனுடைய பெயர் தாங்கிய சட்டம் ஒன்று 2008இல் அந்நாட்டில் நிறைவேறியது. இத்தகைய விபத்துகளில் ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறப்பதாகவும், அவர்களுள் 31 விழுக்காட்டினர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், 26 விழுக்காட்டினர் எழுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் என்றும் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2014இல் தெரிவித்தது. 2018 மே முதல் அங்கே தயாராகும் புதிய கார்கள் அனைத்தும், பின்னால் ஏறத்தாழ 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள பரப்பை ஓட்டுநருக்குக் காட்டியாக வேண்டும். நடைமுறையில் இதற்குக் கேமராவே வழி.

கேளா ஒலி செய்யும் வேலை

காரின் பின்புற பம்பரில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வட்டங்கள் இரண்டோ நான்கோ பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவையே உணரிகள். ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு சிறு பீங்கான் வில்லை இருக்கிறது. இது சாதாரணப் பீங்கான் அன்று. அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும், மின்னழுத்தம் கொடுத்தால் சுருங்கி விரியும். அழுத்தமின் விளைவு எனப்படும் இப்பண்பை, 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும் படிகங்களில் கண்டறிந்தனர்.

மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தவுடன் வில்லை அதிர்ந்து ஒலியை எழுப்புகிறது. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே கேட்கும். உணரி எழுப்பும் ஒலியின் அதிர்வெண் 40,000 ஹெர்ட்ஸுக்கும் மேல். ஆகவே இது கேளா ஒலி. நமக்குக் கேட்கும் 'பீப், பீப்' ஓசை இதுவன்று. அது கணக்கு முடிந்தபின் வண்டிக்குள் இருக்கும் சிறு ஒலிப்பான் தரும் எச்சரிக்கை.

வில்லை கண நேரம் ஒலி எழுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கும். பின்னாலுள்ள பொருளில் பட்டு எதிரொலி திரும்பி வந்தால், அதே வில்லை அதிர்ந்து மின்துடிப்பு ஒன்றைத் தரும். வாயாக இருந்ததே செவியாகவும் ஆகிறது. சென்று திரும்ப ஆன நேரத்தை மின்னணுச் சுற்று அளக்கிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். சுவர் 1.5 மீட்டர் தொலைவில் இருந்தால் ஒலி போய்வரும் பாதை 3 மீட்டர். ஆகும் நேரம் 3 ÷ 343, அதாவது ஏறத்தாழ 0.009 நொடி. இமை கொட்டும் நேரத்துக்குள் இதுபோல் பல முறை அளந்துவிடலாம்.

கோடைக்கும் குளிருக்கும் இந்த வேகம் மாறுமே என்று நீங்கள் கேட்கலாம். மாறும், ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் வீதம் கூடும். 20 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையே 1.5 மீட்டர் அளவில் வரும் பிழை 5 செ.மீ. அளவே. வண்டியை நிறுத்துவதற்கு இது பெரிய பிழையன்று. பெரிய பிழைகள் வேறிடத்தில் இருக்கின்றன.

எப்போது ஊமையாகும்?

உணரிக்குத் தெரிந்தது ஒன்றே: எதிரொலி வந்ததா, இல்லையா? வராவிட்டால் அது வாய் திறக்காது. பின்னால் பொருள் இருந்தும் எதிரொலி திரும்பாத நிலைகள் பல உண்டு.

48,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். இதற்கு வழவழப்பான சுவர் ஒரு முகக் கண்ணாடி போன்றது. சுவர் நேராக நின்றால் ஒலி நேரே திரும்பும். சாய்வாக நின்றால், படுகோணத்துக்குச் சமமான எதிரொளிப்புக் கோணத்தில் வேறு பக்கம் போய்விடும். சாய்ந்த பலகையையும் மூலை திரும்பிய சுவரையும் உணரி தவறவிடுவது இதனால்தான்.

கம்பி வேலி, மெல்லிய இரும்புக் கம்பம், கயிறு ஆகியவற்றின் பரப்பு சிறியது. திருப்பி அனுப்பும் ஒலியும் சிறிது. பஞ்சு, கம்பளி, தடித்த துணி ஆகியவை ஒலியை விழுங்கிவிடும். உணரியின் மேல் சேறோ நீர்த்துளியோ படிந்தாலும் அதன் செவி மங்கும்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். உணரிகள் தரையிலிருந்து அரை மீட்டர் அளவு உயரத்தில் இருக்கின்றன. அவற்றின் ஒலிக்கற்றை மேலும் கீழும் அதிகம் விரிவதில்லை; விரிந்தால் தரையே ஓயாமல் எதிரொலி தரும். ஆகவே தாழ்வான கல் ஒன்று தொலைவில் கற்றைக்குள் இருந்துவிட்டு, வண்டி நெருங்கும்போது கற்றைக்குக் கீழே போய்விடலாம். 'பீப்' ஓசை கேட்டு, பிறகு நின்றுவிடும். ஆபத்து விலகியது என்று அப்போது எண்ணிவிடக் கூடாது. கல் பம்பருக்கு அடியில் வந்துவிட்டது என்பதே பொருள்.

பொருள் மிக அருகில் இருந்தாலும் சிக்கல்தான். கோயில் மணியை அடித்தவுடன் அதன் ரீங்காரம் நிற்பதில்லை. வில்லையும் அப்படியே, ஒலி எழுப்பியபின் சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரம் ஆயிரத்தில் ஒரு நொடி என்றால், ஒலி அதற்குள் 34 செ.மீ. போய்விடும், போய்வரும் தொலைவு என்பதால் 17 செ.மீ.க்குள் இருக்கும் பொருளின் எதிரொலி ரீங்காரத்தில் கலந்து மறையும். ஏறத்தாழ 30 செ.மீ. நெருங்கியதுமே ஓசை இடைவிடாமல் ஒலிக்கும்படி அமைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றிலும் கொடியது பள்ளம். திறந்த சாக்கடை, தோண்டிப் போட்ட குழி, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஆகிய இடங்களில் எதிரொலி தரப் பொருளே இல்லை. கிளீனர் பள்ளத்தைக் கண்டால் கத்துவார். உணரிக்குப் பள்ளமும் ஒன்றுதான், பரந்த மைதானமும் ஒன்றுதான்.

ஒரு நொடியின் விலை

உணரி சரியாகவே எச்சரித்தது என்று கொள்வோம். நாம் சரியாக நிறுத்துவோமா? சாதாரண நடை வேகம் மணிக்கு 5 கி.மீ.; அதாவது நொடிக்கு 1.4 மீட்டர். ஓசையைக் கேட்டு, புரிந்துகொண்டு, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு நொடி ஆகலாம். அதற்குள் வண்டி 1.4 மீட்டர் நகர்ந்துவிடும். பிரேக் பிடித்தபின் நிற்க இன்னும் 20 செ.மீ. மொத்தம் 1.6 மீட்டர். உணரி எட்டும் தொலைவோ பல கார்களில் 1.5 மீட்டர் அளவுதான்!

வேகம் மணிக்கு 2 கி.மீ. என்றால் இதே கணக்கில் வண்டி 60 செ.மீ.க்குள் நின்றுவிடும். கருவிக்குத் தேவைப்பட்டது நொடியில் நூறில் ஒரு பங்கு; மனிதனுக்குத் தேவைப்படுவது முழு நொடி. நடை வேகமும் மிகை என்பதை நினைவில் வையுங்கள். ஊர்ந்து போனால்தான் உணரி உதவும்.

திரையில் தெரிவதும் தெரியாததும்

கார் பின்புறத்தில் தொலைக்காட்சிக் கேமரா வைக்கும் எண்ணம் பழையது. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1956இல் காட்சிக்கு வைத்த 'செஞ்சூரியன்' என்ற மாதிரிக் காரில் கண்ணாடிக்குப் பதில் கேமராவே இருந்தது. மலிவான ஒளியுணர் சில்லுகளும் தட்டைத் திரைகளும் வந்த பிறகே அது எல்லாருக்கும் எட்டியது.

இக்கேமராவின் லென்ஸ் மிகக் குறைந்த குவியத் தூரம் உடையது. அதனால் பரந்த இடம் திரைக்குள் அடங்குகிறது. அதற்கு விலையும் உண்டு: பக்கக் குவி ஆடியில் தெரிவதுபோலவே பொருள்கள் சிறுத்து, உண்மையைவிடத் தள்ளி இருப்பதாகத் தோன்றும். மேலும், கேமரா பின்னோக்கிப் பார்ப்பதால் வண்டியின் இடப்புறம் அதற்கு வலப்புறம். ஓட்டுநர் குழம்பாமல் இருக்கப் படத்தை இடவலம் மாற்றிக் காட்டுகிறார்கள். பின்னால் நிற்கும் வண்டியின் எண் பலகையைத் திரையில் பாருங்கள். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறியிருக்கும்.

திரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் தெரிகின்றனவே, அவை தொலைவைக் காட்டுபவை. ஆனால் அவை சமதளத் தரையின் மேல் வரைந்தவையாகக் கணக்கிடப்பட்டவை. கேமரா 90 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பின்னால் நிற்கும் லாரியின் பலகை 60 செ.மீ. உயரத்தில், ஒரே மீட்டர் தொலைவில் நீட்டிக்கொண்டிருக்கட்டும். கேமராவிலிருந்து அப்பலகையின் முனை வழியே செல்லும் கோடு 3 மீட்டர் தொலைவில்தான் தரையைத் தொடும். எனவே திரையில் பலகை 3 மீட்டர் கோட்டின் மேல் தெரியும். இடிக்க இருப்பதோ ஒரே மீட்டர்! பின்னால் ஏற்றமான தரை இருந்தாலும் இதே பிழை நேரும். பொருள்கள் உண்மையைவிடத் தொலைவில் தெரியும். டயரின் சுவடு படும் தரைக்குக் கோடுகளை நம்பலாம்; தரைக்கு மேல் நீட்டியிருப்பவற்றுக்கு நம்பக் கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் கார் இருந்தால், பெரியவர் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமரச் செய்யுங்கள். எஞ்சின் ஓடக் கூடாது; கை பிரேக் போட்டிருக்க வேண்டும். 75 செ.மீ. நீளக் குச்சி ஒன்றை வண்டிக்குப் பின்னால் செங்குத்தாக நிறுத்தி, மெல்ல மெல்லத் தள்ளி வையுங்கள். அதன் நுனி சன்னல் வழியே அவருக்குத் தெரியும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியரில் இருக்கும்போது உணரி வேலை செய்யுமானால், ஒரு பலகையை நேராகவும் சாய்த்தும் பிடித்து ஓசையைக் கேளுங்கள். பிறகு ஒரு தலையணையைப் பிடித்துப் பாருங்கள். அன்று முதல் அந்த வீட்டில் வண்டி எடுக்கும் விதமே மாறிவிடும்.

வண்டியில் ஏறுமுன் ஒரு முறை சுற்றிவந்து பாருங்கள். பள்ளத்தையும், பம்பரை ஒட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தையையும் காட்டுவது அந்தச் சுற்று ஒன்றுதான். வீட்டுப் பிள்ளைகள் யார் கையில், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு திரை, இரு பக்கக் கண்ணாடிகள், திரும்பிய தலை என்று கண்ணை மாற்றி மாற்றிச் செலுத்தி, ஊர்ந்து செல்லுங்கள். ஓசை வந்தால் நில்லுங்கள். வந்த ஓசை காரணம் தெரியாமல் நின்றுபோனாலும் நில்லுங்கள், இறங்கிப் பாருங்கள். ஓசை இல்லை என்றால் எதிரொலி வரவில்லை என்பது மட்டுமே பொருள். பின்னால் ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணால்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும்.