கேமரா பார்க்கிறது; பதிவு இருக்கிறதா?

தைப்பூசத்தன்று ஜார்ஜ்டவுனில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தண்ணீர்மலைக்குக் கிளம்பிவிடும். பால்குடம், காவடி, தண்ணீர்ப் பந்தல், உறவினர் வீடு என்று சுற்றித் திரும்ப இரவாகிவிடும். அப்படிப் பூட்டிய ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். வாசலில் இரண்டு கேமரா, கார் நிறுத்துமிடத்தில் ஒன்று, பின்பக்கம் ஒன்று. குடும்பம் திரும்பி வந்து பார்த்தால் பின்கதவு உடைந்து கிடக்கிறது. அலமாரியில் இருந்த நகையைக் காணோம்.

போலீஸ்காரர் வந்து அண்ணாந்து பார்க்கிறார். “கேமரா இருக்கிறதே, பதிவைக் காட்டுங்கள்” என்கிறார். மகன் ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்து தேடுகிறான். கடைசிப் பதிவு மூன்று மாதத்துக்கு முந்தையது! உள்ளே இருந்த வன்தட்டு என்றைக்கோ பழுதாகிவிட்டது. நான்கு கேமராக்களும் அன்று முழுவதும் விழித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால், பார்த்த எதையும் அவை நினைவில் வைக்கவில்லை.

கேமரா என்பது கண். பதிவுக் கருவி என்பது நினைவு. கேமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல், இருட்டில் தெரியுமா, வண்ணத்தில் தெரியுமா என்று பத்துக் கேள்வி கேட்பவர்கள், பதிவுக் கருவியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கடைக்காரர் எதைச் சேர்த்துக் கொடுக்கிறாரோ அதை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

பினாங்குக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில்தான் திறந்தது. 2019 ஜனவரியில், பொது இடக் கேமராக்களில் முகம் அடையாளம் காணும் தொழில்நுட்பத்தை மாநில அரசு தொடங்கிவைத்தது. ஆனால், மாநகர் மன்றத்தின் கேமராக்களுக்குப் பின்னால் கட்டுப்பாட்டு அறையும் பணியாளர்களும் இருக்கிறார்கள். வீட்டுக் கேமராவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே தூசு படிந்து கிடக்கும் அந்தச் சிறு கருவி மட்டும்தான்.

எத்தனை நாள் திரும்பிப் பார்க்க வேண்டும்?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். வெளிநாட்டுப் பயணமாகக் குடும்பம் பத்து நாள் போய்வருகிறது என்றால், ஏழு நாள் மட்டுமே பதிவை வைத்திருக்கும் கருவியால் பயனில்லை. திருட்டு முதல் நாளே நடந்திருந்தால், குடும்பம் திரும்புவதற்குள் அந்தக் காட்சி அழிந்து, அதன் மேல் புதிய காட்சி பதிவாகியிருக்கும். சாதாரண வீட்டுக்குக் குறைந்தது 14 நாள், முடிந்தால் 30 நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

நாள் முடிவானால் மற்றதெல்லாம் கூட்டல் பெருக்கல்தான். கேமரா ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் தகவலை அனுப்புகிறது என்பதே அடிப்படை. நொடிக்கு ஒரு மெகாபிட் என்றால் நாளொன்றுக்கு 10.8 ஜிகாபைட். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கடைக்காரரிடமும் தைரியமாகப் பேசலாம்.

நான்கு மெகாபிக்சல் கேமரா, எச்.265 என்ற சுருக்க முறையில் நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 43 ஜிகாபைட். நான்கு கேமராவுக்கு ஏறக்குறைய 173 ஜிகாபைட். 14 நாளுக்கு 2.4 டெராபைட், 30 நாளுக்கு 5.2 டெராபைட். ஆக, இரண்டு வாரம் போதும் என்பவருக்கு 4 டெராபைட் வன்தட்டு. ஒரு மாதம் வேண்டும் என்பவருக்கு 6 டெராபைட் மட்டுமட்டாகப் போதும். 8 டெராபைட் என்றால் கவலையில்லை.

பழைய எச்.264 முறையில் பதிவு செய்தால், அதே தரத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு இடம் தேவைப்படும். ஆகவே கேமரா, பதிவுக் கருவி இரண்டுமே எச்.265 முறையை ஏற்கின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும் வசதி இருக்கிறதே, அதில் இடம் மிச்சமாகாதா? மிச்சமாகும். ஆனால், அதை மட்டும் நம்புவது ஆபத்து. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வந்து வலை பின்னும். காற்றில் வலை ஆடும்போதெல்லாம் ‘அசைவு’ என்று பதிவாகும். மழை பெய்தாலும் அப்படித்தான். மறுபக்கம், தூரத்தில் மெதுவாக நகரும் ஆளைக் கருவி கவனிக்காமல் விட்டுவிடலாம். எனவே, குறைந்த தரத்தில் நாள் முழுவதும் ஒரு பதிவு, அசைவு நேரத்தில் மட்டும் உயர்ந்த தரத்தில் இன்னொரு பதிவு என்று இரண்டையும் சேர்த்து வைப்பதே சிறந்த வழி. பெரும்பாலான கேமராக்கள் ஒரே நேரத்தில் இப்படி இரு தரத்தில் காட்சியை அனுப்பக்கூடியவை.

எல்லா வன்தட்டும் ஒன்றல்ல

‘பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய ஹார்ட் டிஸ்க் வீட்டில் சும்மா கிடக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாமே’ என்று பலர் நினைப்பதுண்டு. கற்பனை வீட்டில் நடந்ததுபோல நிஜ வீட்டில் நடப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

மேசைக் கணினிக்கான வன்தட்டு, மனிதர் வேலை பார்க்கும் நேரத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. சீகேட் நிறுவனத்தின் பாராகூடா வகையை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,400 மணி நேர ஓட்டம், 55 டெராபைட் வேலைப்பளு என்ற அளவில் அது கணக்கிடப்பட்டிருக்கிறது. ஓர் ஆண்டுக்கோ 8,760 மணி நேரம். மேலே சொன்ன நான்கு கேமராக்கள் இரவு பகலாக எழுதினால் ஆண்டுக்கு 63 டெராபைட் ஆகிவிடும். அலுவலக ஊழியரை இருபத்து நான்கு மணி நேரக் காவலுக்கு நிறுத்தினால் என்ன ஆகும்? அதேதான் வன்தட்டுக்கும் ஆகும்.

இதற்கென்றே கண்காணிப்பு வன்தட்டுகள் விற்கப்படுகின்றன. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்ப்பிள், சீகேட்டின் ஸ்கைஹாக் இரண்டும் பரவலாகக் கிடைப்பவை. ஓயாத ஓட்டத்துக்காகவும், ஆண்டுக்கு 180 டெராபைட் அளவிலான வேலைப்பளுவுக்காகவும் செய்யப்பட்டவை. விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் மொத்தச் செலவில் சேமிக்கக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

எஸ்.எஸ்.டி. வேகமானதாயிற்றே என்று கேட்கலாம். கேமரா பதிவுக்கு வேகம் பெரிதல்ல. கொள்ளளவும் சகிப்புத் தன்மையும்தான் பெரிது. எஸ்.எஸ்.டி.யில் இவ்வளவுதான் எழுதலாம் என்று ஆயுள் கணக்கு உண்டு. கணினியின் இயங்குதளத்துக்குச் சிறிய எஸ்.எஸ்.டி.யும், காட்சிப் பதிவுக்குக் கண்காணிப்பு வன்தட்டும் என்று பிரித்துக்கொள்வதே பொருத்தம்.

பெட்டியா, கணினியா?

வீட்டில் கணினி தெரிந்த ஆள் இல்லையென்றால், என்.வி.ஆர். எனப்படும் தனிப் பதிவுப் பெட்டியே நல்லது. செருகினால் வேலை செய்யும். மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். வாங்கும்போது இரண்டு விவரங்களைக் கேட்க வேண்டும். அதிகபட்சம் எத்தனை டெராபைட் வன்தட்டை ஏற்கும்? எல்லாக் கேமராக்களிலிருந்தும் சேர்த்து நொடிக்கு எத்தனை மெகாபிட் வரை வாங்கிக்கொள்ளும்? பின்னால் கேமராவைக் கூட்டும்போது இந்த இரண்டும்தான் காலை வாரிவிடும்.

பி.ஓ.இ. வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஒரே இணையக் கம்பியில் மின்சாரமும் காட்சியும் சேர்ந்து போகும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் செங்கல் சுவர்கள் கனமானவை. வைஃபை அலைகள் அவற்றைத் தாண்டத் திணறும். கம்பி இழுப்பது ஒருநாள் தொல்லை. வைஃபை அறுந்து அறுந்து வருவது நாள்தோறும் தொல்லை.

மகனோ மகளோ கணினியில் கெட்டிக்காரர் என்றால், கணினியையே பதிவுக் கருவியாக்கலாம். விண்டோசில் இயங்கும் புளூ ஐரிஸ், இலவசத் திறமூல மென்பொருளான ஃபிரிகேட் போன்றவை ஆளையும் நாயையும் காரையும் பிரித்தறியும் வசதியைத் தருகின்றன. அப்படியானால் விலை உயர்ந்த செயலி வேண்டுமா? தேவையில்லை. காட்சியைச் சுருக்கும் வேலையைக் கேமராவே செய்துவிடுகிறது. பதிவு செய்வதற்குக் கணினி அதை அப்படியே வாங்கி வன்தட்டில் எழுதினால் போதும். சுருக்கிய காட்சியை விரித்துப் பார்க்கும்போதும், அதில் ஆளைத் தேடும்போதும்தான் செயலிக்கு மூச்சு வாங்கும்.

அந்தப் பாரத்தை இறக்கிவைக்க இன்டெல் செயலிகளின் உள்ளிணைந்த வரைகலைப் பகுதி உதவுகிறது. 2015இல் வந்த ஆறாம் தலைமுறை முதல் எச்.265 காட்சிகளை அது சுலபமாகக் கையாளும். ஆனால், பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடியும் இன்டெல் மேசைக் கணினிச் செயலிகளில் இந்தப் பகுதி இல்லை. மலிவாக இருக்கிறதே என்று அதை வாங்கி ஏமாறக்கூடாது. நான்கைந்து கேமராவுக்கு 8 ஜிகாபைட் நினைவகம் தாராளம்.

பழைய கணினியைப் பயன்படுத்த விரும்புபவர் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். ஒன்று, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகள் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அப்படிப்பட்ட கணினிக்கு லினக்ஸ்தான் பாதுகாப்பான வழி. இரண்டு, மின்கட்டணம். 70 வாட் இழுக்கும் பழைய கணினி ஆண்டு முழுவதும் ஓடினால் 613 யூனிட். 15 வாட் இழுக்கும் சிறுகணினி என்றால் 131 யூனிட். இலவசமாகக் கிடைத்த கணினி, டெனாகா பில்லில் மெல்ல மெல்லத் தன் விலையை வசூலித்துவிடும்.

சிறுகணினியிலும் ஒரு குறை உண்டு. பெரிய வன்தட்டை உள்ளே பொருத்த அதில் இடம் இருக்காது. வெளியே யு.எஸ்.பி. கம்பியில் தொங்கவிட்டால், ஒருநாள் யாராவது கம்பியைத் தட்டிவிட்டாலே பதிவு நின்றுவிடும். மூன்றரை அங்குல வன்தட்டுக்கு இடமுள்ள சிறிய வகை அலுவலகக் கணினி நடுவழியாக அமையும். பழையதாகவும் கிடைக்கும்.

மின்னல், வெள்ளம், திருடன்

பினாங்கில் மாலை நேர இடிமழைக்குக் குறைவில்லை. மின்சாரம் ஒரு நொடி போய்வந்தாலும், எழுதிக்கொண்டிருக்கும் வன்தட்டு தடுமாறும். பதிவுக் கருவி, கேமராக்களுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச், இணைய மோடம் மூன்றையும் ஒரு யு.பி.எஸ். கருவியில் இணைப்பது அவசியம். கணினி என்றால், மின்சாரம் திரும்பியதும் தானாகவே இயங்கும்படி அதன் பயாஸ் அமைப்பில் மாற்றி வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டால், பட்டனை யாராவது வந்து அழுத்தும் வரை கணினி தூங்கிக்கொண்டிருக்கும். பூட்டிய வீட்டில் யார் வந்து அழுத்துவது?

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த பெருவெள்ளத்தைப் பினாங்கு மறக்கவில்லை. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பதிவுக் கருவியைத் தரையில் வைக்கக்கூடாது. அதற்காக மேல்மாடிக் கூரைக்குக் கீழே புழுக்கத்திலும் வைக்கக்கூடாது. வன்தட்டுக்கு வெப்பம் எதிரி. காற்றோட்டமுள்ள உள்ளறை, இடுப்புக்கு மேலான உயரம், வந்தவர் கண்ணில் படாத மூலை. இதுவே சரியான இடம்.

கண்ணில் படாத மூலை ஏன்? விவரம் தெரிந்த திருடன் நகையோடு பதிவுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதற்கும் மாற்று வழி உண்டு. பல கேமராக்களில் நினைவக அட்டை போடும் இடம் இருக்கிறது. கண்காணிப்புக்கென்று விற்கப்படும் நீடித்துழைக்கும் அட்டையைப் போட்டால், பெட்டி போனாலும் கேமராவில் ஒரு பிரதி இருக்கும். வாசல் கேமராவின் முக்கியக் காட்சிகளை மட்டும் இணையச் சேமிப்புக்கு அனுப்புவது இன்னொரு வழி.

இணையம் என்றதும் கடவுச்சொல் நினைவுக்கு வர வேண்டும். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் உலகெங்கும் கைப்பற்றியது. அவற்றை வைத்தே அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி டுவிட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களைப் பல மணி நேரம் முடக்கினார்கள். காவலுக்கு வைத்த கருவியே களவுக்குத் துணை போனது! பொருத்தியவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

கடைசியாக, கடிகாரம். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி உருவாக்கிய ஆவணங்களை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க இடம் தருகிறது. ஆனால், இரவு இரண்டு மணிக்கு நடந்த திருட்டைக் காலை ஒன்பது மணி என்று பதிவு காட்டினால், அந்தச் சாட்சி கேள்விக்கு உள்ளாகும். இணையத்தோடு நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை இயக்கி வைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம்

இத்தனையும் செய்த பிறகும் வேலை முடிந்துவிடாது. மாதத்தில் ஒருநாள், சம்பள நாளாகவே இருக்கட்டும், வீட்டில் ஒருவர் பதிவுக் கருவியைத் திறந்து பார்க்க வேண்டும். நேரடிக் காட்சியைப் பார்த்தால் போதாது. அது கேமரா நன்றாக இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். பத்து நாளுக்கு முந்தைய ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து ஓடவிட வேண்டும். முகம் தெரிகிறதா, மணி சரியா, அந்தக் காட்சியை ஒரு பென்டிரைவில் எடுக்க முடிகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் வீட்டுக் காவல் விழித்திருக்கிறது என்று பொருள். அந்தப் பென்டிரைவில் எடுக்கும் முறை வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தாலும் போதாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். அடுத்த தைப்பூசத்துக்கு வீட்டைப் பூட்டும் முன், பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல அந்தப் பதிவையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டால், தண்ணீர்மலையில் முருகனை நிம்மதியாகக் கும்பிடலாம்.