உஷார்! ‘பாவம், கஷ்டப்பட்டவன்’ என்று இரங்கிவிடாதே!

கம்பெனி பஸ் வருவதற்குள் இதைப் படித்துவிடு, கண்ணு. தள்ளிப் போடாதே.

சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண். ஊர் திருவண்ணாமலைப் பக்கம், வேலை ஒரகடத்தில். அதே லைனில் கான்ட்ராக்டில் இருந்த பையன் அன்பாகத்தான் பழகினான். சின்ன வயதில் அம்மா விட்டுப்போன கதையைச் சொல்லி அழுதான். இவளுக்கு மனசு இளகிவிட்டது. ஒரு நைட் ஷிஃப்டில் இவள் போனை எடுக்கவில்லை. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும், அது அவனுக்கும் தெரியும். காலையில் பார்த்தால், வாட்ஸ்அப்பில் ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்துக் கத்திக்குத்து மீம். இவளும் சிரித்துவைத்தாள். அடுத்த மாதம் அவன் வாசலில் வந்து நின்றபோது கையில் இருந்தது நிஜக் கத்தி. டீக்கடைக்காரர் பாய்ந்து பிடித்ததால், இவளுக்கு உள்ளங்கையில் தையலோடு போயிற்று.

மீம்தானே என்று இருந்துவிடாதே!

பாரதிராஜாவின் அந்தப் படம் 1978இல் வந்தது. கமல்ஹாசன் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைப்பார், மேலே ரோஜா பூக்கும். எனக்கு வயிற்றைக் கலக்குவது அதன் முடிவுதான். சித்தம் கலங்கிச் சிறையில் கிடக்கிறவனுக்காக, உயிர் தப்பிய ஸ்ரீதேவியே காத்திருப்பார்! 2004இல் ‘மன்மதன்’. கொலைகளுக்குப் பின்னால் காதலில் ஏமாந்த ஒரு சோகக் கதை, நல்ல பாட்டு, தியேட்டரில் விசில். செத்த பெண்களின் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? படம் பார்க்காதே என்று சொல்லவில்லை, கமல் நடிப்புக்கு நானும் பார்ப்பேன். ஆனால் உன்னிடம் கதை சொல்லி அழுகிறவன் காயத்தை ஆற்றுவது உன் வேலை இல்லை!

உன் ஷிஃப்ட் மாறினால் உனக்கு முன்னால் அவனுக்குத் தெரிகிறதா? உஷார்! லொகேஷனை எப்போதும் ஆனில் வைக்கச் சொல்கிறானா? ஊர்க்காரப் பையனோடு ஒரே பஸ்ஸில் வந்ததற்கு மூஞ்சியைத் தூக்குகிறானா? உஷார்! கையைக் கீறிக்கொண்டு போட்டோ அனுப்பினால், அடுத்த கீறல் யாருக்கு என்று யோசி.

‘கடைசியா ஒரு தடவை பேசலாம்’ என்று கூப்பிட்டால் தனியாகப் போகவே போகாதே!

வல்லம் வடகாலில் 2024இல் 18,720 பெண்கள் தங்கும் விடுதியே திறந்தார்கள். ஆனால் போனுக்குள் வருகிறவனை எந்த வாட்ச்மேன் தடுப்பான்? மெசேஜை அழிக்காதே. ரூமில் கூட இருப்பவளிடம் சொல். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி குற்றம். பெண்களுக்கான உதவி எண் 181. ஆபத்து என்றால் உடனே 112.

வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை விட்டு வரச் சொல்வார்கள் என்ற பயத்தில்தான் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. அவனும் அதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அம்மாவிடம் நீயே முதலில் சொல்லிவிடு. திட்டினால் திட்டட்டும்.