கொறங்காட்டின் உயிர் கொழுக்கட்டைப் புல்

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் சாலைக்கு இரு பக்கமும் முள்ளுக்கிளுவை வேலி போட்ட காடுகள் வரும். உள்ளே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரங்கள் நிற்கும். பங்குனி, சித்திரையில் பார்த்தால் தரையில் சாம்பல் பூத்த புல் தூர்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. வெளியூர்க்காரர்கள் தரிசு என்று நினைத்துக் கடந்துபோவார்கள். அது தரிசு அல்ல. பல தலைமுறையாகக் காங்கயம் மாட்டையும் செம்மறியையும் வளர்த்துவரும் மேய்ச்சல் காடு. கொங்கு நாட்டுக் குடியானவர்கள் இதைக் கொறங்காடு என்பார்கள். அந்தக் காட்டின் முதல், சாம்பல் பூத்துக் கிடக்கும் அந்தத் தூர்கள்தான். கொழுக்கட்டைப் புல்.

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரம் மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் இருக்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், மழை வராது. ஆண்டு முழுவதற்கும் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். இடையில் சித்திரைக் கோடை மழை ஓரிரண்டு விழும். இந்தக் கணக்குக்கு ஒத்துப்போகிற பயிர் அதிகமில்லை. ஒருமுறை வேர் பிடித்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் கொழுக்கட்டைப் புல்லுக்கு இது பழகிய மண், பழகிய வானம். ஆப்பிரிக்கா, அரேபியா, நம் நாட்டின் வறண்ட பகுதிகள் எல்லாம் இதன் தாயகம். ராஜஸ்தானில் இதையே அஞ்சன், தாமன் என்கிறார்கள். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இதன்மேல் நீண்டகாலமாக வேலை செய்துவருகிறது.

கோடையில் ஒரு தூரின் அடியை விரலால் கிளறிப் பார்த்தால் இதன் சூட்சுமம் புரியும். தண்டுகள் மண்ணோடு சேரும் இடத்தில் சற்றே பருத்துக் கெட்டியாக இருக்கும். மழைக்காலத்தில் இலை சேர்த்த மாவுச்சத்தைப் புல் அங்கேதான் சேமித்து வைக்கிறது. வேர் இரண்டு மீட்டருக்குக் கீழும் போகும். மேலே இலை முழுக்கக் காய்ந்தாலும் அடியில் உயிர் இருக்கும். நல்ல மழை ஒன்று விழுந்ததும் அந்தப் பருத்த அடியிலிருந்து சில நாட்களில் பச்சை முனை எட்டிப் பார்க்கும். மண்ணில் ஈரம் இறங்கி, விதை முளைத்து, வேர் விட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வறண்ட சீமையில் பல்லாண்டுப் புல்லுக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான்.

விதையிலும் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான கொழுக்கட்டைப் புல் செடிகளில் மகரந்தச் சேர்க்கையால் கரு உண்டாவதில்லை. தாயின் திசுவிலிருந்தே கரு உருவாகிறது. அதனால் விதையிலிருந்து வரும் செடி, தாய்ச்செடியின் அச்சு அசலாகவே இருக்கும். ஒரு காட்டில் மேய்ச்சலையும் வறட்சியையும் தாங்கி நிற்கும் நல்ல தூரை அடையாளம் கண்டு அதன் கதிரை உருவி விதைத்தால், அதே குணம் அடுத்த காட்டிலும் வரும். வெளியிலிருந்து விலைக்கு வாங்குவதைவிடப் பக்கத்துக் காட்டு விதையே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

புதிதாகக் காடு போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. மணல் கலந்த செம்மண், சுண்ணாம்புக் கற்கள் கலந்த மண் இரண்டிலும் நன்றாக வரும். தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது. உருவிய விதையை உடனே போட்டால் சரியாக முளைக்காது. அதற்கு உறக்க காலம் உண்டு. ஆறு முதல் எட்டு மாதம் வரை நிழலில் உலர்த்தி வைத்திருந்து எடுக்க வேண்டும். ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் மூன்று கிலோ போதும். விதை பஞ்சு மாதிரி மயிர்ச்சுணை போர்த்தியிருப்பதால் கைக்கு அடங்காது, காற்றில் பறக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈர மணலும் சாணத்தூளும் கலந்து பிசிறித் தூவினால் பரவலாக விழும். முக்கியமான விஷயம் ஆழம். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போன விதை மேலே வருவது கடினம். உழுது தூவி, முள் கட்டையை லேசாக இழுத்துவிட்டால் போதும். தூரைப் பிரித்து வேரோடு நட்டால் இன்னும் நிச்சயம். கூலி மட்டும் கூடும்.

கொஞ்சம் தண்ணீர் வசதி உள்ளவர்கள் இதன் உறவுப் புல்லான நீலக் கொழுக்கட்டையில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 ரகத்தைப் போடலாம். வரிசைக்கு வரிசை 50 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். விதைத்து 70, 75 நாளில் முதல் அறுப்பு வரும். பிறகு வளர்ச்சியைப் பார்த்து ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு அறுப்பு எடுக்கலாம். மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் சேர்த்தால் தீவனத்தில் புரதம் கூடும், மண்ணுக்கும் தழைச்சத்து சேரும். கொறங்காட்டில் தானாகவே படரும் நரிப்பயறும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.

இதுவரை சொன்னது வளர்க்கிற வேலை. காப்பாற்றுகிற வேலைதான் கடினம், ஏனென்றால் அதில் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். புது விதைப்பில் முதல் ஆண்டு மேய்ச்சலே கூடாது. விதை உதிர்ந்து மண்ணில் சேரட்டும். பழைய காட்டிலும் மழை விழுந்து துளிர் வந்தவுடன் ஆட்டை விடுவதுபோலக் கேடு வேறில்லை. அந்த முதல் துளிரை, அடியில் சேர்த்து வைத்த கையிருப்பைச் செலவழித்துத்தான் புல் விடுகிறது. அதையும் கடித்துவிட்டால் மறுபடி கையிருப்பில் கை வைக்கும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் தூர் செத்துப்போகும். மாடு நாக்கால் சுழற்றி மேலாக மேயும். செம்மறி தரையோடு ஒட்டக் கடிக்கும். அதனால் மாட்டை முதலில் விட்டு ஆட்டைப் பின்னால் விடுவதும், தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்காவது தட்டை நிற்கும்போதே மந்தையை வெளியேற்றுவதும் நல்லது. காட்டைக் கிளுவை வேலியால் பிரித்து வைத்திருப்பதன் காரணமும் இதுவே. ஒன்றில் மேயும்போது மற்றது ஓய்வெடுக்கும். பூவெடுக்கும் தறுவாயில் மேய்ச்சலுக்கு விட்டால் மாடு விரும்பித் தின்னும். கதிர் முற்றிய பிறகு தண்டில் நார் ஏறிவிடும்.

சில ஆண்டுகளில் மண் இறுகிப் புல் சோர்ந்து தெரிந்தால், மழை ஈரத்தில் ஒரு உழவு ஓட்டிச் சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். உழவில் உடைந்த தூர்கள் சோளத்துக்கு ஊடே மறுபடி தலையெடுக்கும். ஒரே உழவில் தானியமும் தட்டும் புதுப் புல்லும் கிடைக்கும். கோடையில் புல் ஓயும் நேரத்தில் வெள்வேல மரம் நெற்றுகளை உதிர்க்கும், ஆடுகள் அதைப் பொறுக்கித் தின்னும். மாட்டுக்கு நிழலும் கிடைக்கும். புல், மரம், வேலி மூன்றும் சேர்ந்த ஏற்பாடு இது. எந்த ஆய்வுக்கூடமும் இதை வகுத்துக் கொடுக்கவில்லை.

இதே புல் அன்னிய மண்ணில் வேறு முகம் காட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஒட்டகம் ஓட்டி வந்தவர்களின் சேணத் திணிப்பில் ஒட்டிக்கொண்டு போனது என்பார்கள். பிறகு தீவனத்துக்காகப் பரவலாக விதைத்தார்கள். இன்று அங்கே பல இடங்களில் அது பெரும் களை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் காய்ந்த புல் தீப்பற்றி, தீயைத் தாங்கும் பழக்கமே இல்லாத சகுவாரோ கள்ளிகளை எரிக்கிறது. டூசான் நகரத்துக்காரர்கள் கூட்டமாகப் போய் மலைச்சரிவுகளில் இந்தப் புல்லைப் பிடுங்குகிறார்கள். அவர்கள் பிடுங்குவதில் நியாயம் இருக்கிறது. நாம் அதைத் தொலைப்பதில் நியாயம் இல்லை.

தொலைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கொறங்காடுகள் வீட்டுமனைகளாகின்றன. காற்றாலைக்கும் சூரிய மின்தகட்டுக்கும் போகின்றன. கவனிப்பாரற்ற காட்டில் சீமைக்கருவேல் ஏறிவிடுகிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் கூடிய இளைஞர்களின் கைகளில் காளைப் படங்கள் இருந்தன. நாட்டு மாட்டைக் காக்க வேண்டும் என்ற குரல் ஊரெல்லாம் கேட்டது. அந்த மாடு எதை மேய்ந்து வளர்கிறது என்ற பேச்சு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காளைக்கு விலை பேசுகிறவர்கள் பல்லையும் திமிலையும் பார்க்கிறார்கள். அந்தத் திமிலைத் தாங்கும் உடம்பு மானாவாரிக் காட்டில் வளர்ந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் வளரும் கம்பு நேப்பியரை வெட்டிப் போட்டும் மாடு வளர்க்கலாம்தான். கிணறு வற்றிய ஆண்டில் அந்தத் தீவனம் இருக்காது, கொறங்காடு இருக்கும். மேய்ச்சல் காட்டைப் பயிர் நிலமாகவே கணக்கில் எடுத்து, அதைக் காக்கும் குடியானவருக்கு அரசு ஊக்கத்தொகை தர வேண்டும்.

காடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஐப்பசி மழைக்கு ஒரே ஒரு ஏக்கரையாவது அடைத்து, 40 நாள் ஆடு மாடு நுழையாமல் வைத்துப் பாருங்கள். கதிர் முற்றியதும் நல்ல தூர்களில் விதை உருவிச் சாக்கில் கட்டி வையுங்கள். அடுத்த ஆடி முடிந்ததும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் ஒரு படி கொடுங்கள்.