உளியும் வைர முனையும்

இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரம் 18-ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்கள் காலத்தில் உருவானது. தூண்கள் 1,212 என்பார்கள். கோயில் இருக்கும் இராமேசுவரம் மணலும் பவளப்பாறையுமான தீவு; இங்கே கருங்கல் கிடையாது. எல்லாம் வெளியிலிருந்து வந்ததே. சுதையும் வண்ணமும் மூடியிருப்பதால் உளித்தடம் பல தூண்களில் கண்ணுக்குத் தெரியாது.

அன்று உளி செய்த வேலையைச் செய்ய, இன்று தமிழகக் கல்பட்டறைகளுக்கு சிஎன்சி இயந்திரம் வந்துவிட்டது. கணினியில் வரைந்த உருவத்தைப் பின்பற்றி, வைரத்துகள் பதித்த முனை வேகமாகச் சுழன்று கல்லைத் துளித்துளியாக அரைத்தெடுக்கிறது. முனை சூடேறாமலும் தூசி பறக்காமலும் இருக்கத் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் முக்கியம்: உலர்ந்த கல்தூசி சிற்பிகளின் நுரையீரலை அரிக்கும். ஒரே வடிவத் தூண்களை வரிசையாகச் செதுக்க இந்த இயந்திரம் அருமையான கருவி. ஆழமான உட்குடைவுகளுக்கும் முகத்தின் கடைசி மெருகுக்கும் இன்னமும் கை உளியே வேண்டும்.