மோதலின்றிச் சந்திக்கும் சாலைகள்

இரு சாலைகள் ஒரே மட்டத்தில் குறுக்கிடும்போது, வண்டிகள் செல்லும் வழிகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் பல உண்டாகின்றன. திசைக்கு ஒரு தடமே உள்ள எளிய நாற்சந்தியில் இவை 32 ஆகும். இவற்றுள் 16 இடங்களில் வழிகள் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. 8 இடங்களில் இணைகின்றன. 8 இடங்களில் பிரிகின்றன. ஆசிரியர்கள் கரும்பலகையில் நாற்சந்தி ஒன்றை வரைந்து, மாணவர்களைக் கொண்டு இவற்றை எண்ணச் செய்யலாம்.

குறுக்கே வெட்டும் இடங்களே பெரும் விபத்துகளுக்குக் காரணமாகின்றன. ஆதலால் விரைவுச் சாலைகளில் ஒன்றை மற்றொன்றின் மேல் உயர்த்தி, திரும்பும் வண்டிகளுக்குச் சரிவுப் பாதைகள் அமைக்கின்றனர். நான்கு வளையங்களுடைய இலைவடிவச் சந்திப்பு இம்முறையில் அமைந்ததே. ஐக்கிய அமெரிக்க நாட்டில் இவ்வகைச் சந்திப்பு முதன்முதலாக 1929 இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் கட்டப்பட்டது. ஆயினும் அடுத்தடுத்த வளையங்களுக்கிடையே, நுழையும் வண்டிகளும் வெளியேறும் வண்டிகளும் சிறு தொலைவிற்குள் தடம் மாற நேர்கிறது. இக்குறையைப் போக்க, ஒவ்வொரு திருப்பத்திற்கும் தனிப் பாலம் அமைக்கும் அடுக்குச் சந்திப்பு தோன்றியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நான்கடுக்குச் சந்திப்பு 1953 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது.

சாலையின் பயனை வண்டிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. மனிதரின் எண்ணிக்கையாலும் அளத்தல் வேண்டும். ஒருவர் மட்டும் ஏறிய 1,800 கார்கள் கொண்டுசெல்லும் மக்களை, இருவர் வீதம் ஏறிய 900 கார்களே கொண்டுசெல்லும். இத்தகைய வண்டிகளுக்கென ஒதுக்கப்படுவதே கூட்டுப் பயணத் தடம்.

இத்தடம் பெரும்பாலும் சாலையின் நடுவை ஒட்டியிருக்கும்; வெளியேறும் சரிவுப் பாதையோ ஓரத்தில் இருக்கும். எனவே கூட்டுப் பயண வண்டி வேறு சாலைக்குச் செல்ல, இடையிலுள்ள தடங்கள் அனைத்தையும் கடக்க வேண்டியதாகிறது. அதனால் தானும் தாமதமடைந்து, பிற வண்டிகளையும் தாமதப்படுத்துகிறது. ஒரு சாலையின் நடுத்தடத்திலிருந்து மற்றதன் நடுத்தடத்திற்கு நேரே செல்லும் தனிச் சரிவுப் பாதையே இதற்குத் தீர்வு.

லாஸ் ஏஞ்சலிஸில் 105, 110 எண்ணுள்ள சாலைகள் கூடும் ஐந்தடுக்குச் சந்திப்பில் இத்தகைய பாதைகளைக் காணலாம். 1993 இல் திறக்கப்பட்ட இதன் மேலடுக்கு ஏறத்தாழ 130 அடி உயரமுடையது. 1995 முதல் 105 ஆம் சாலையின் நடுவே மின்சார இரயிலும் ஓடுகிறது. சந்திப்பிலேயே நிலையமும் உண்டு. 110 ஆம் சாலையில், 2012 முதல் கட்டணம் செலுத்தும் பிற வண்டிகளும் கூட்டுப் பயணத் தடங்களில் அனுமதிக்கப்படுகின்றன.

இவ்வமைப்பு பொறியாளரின் திட்டத்தால் மட்டும் விளைந்ததன்று. 105 ஆம் சாலைக்காக வீடிழக்கவிருந்த மக்கள் சிலர் 1972 இல் வழக்குத் தொடர்ந்தனர். நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. 1979 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வெளியேற்றப்படுவோருக்கு மாற்று வீடுகளும், சாலையில் பொதுப் போக்குவரத்திற்கும் கூட்டுப் பயணத்திற்கும் இடமும் உறுதி செய்யப்பட்டன. வழக்கை விசாரித்த நீதிபதி ஹாரி பிரிகர்சனின் பெயரையே இச்சந்திப்பு தாங்கியுள்ளது. சாலைக்கு நிலம் அளக்கச் செல்லும் பணியாளர், அந்நிலத்தில் வாழ்வோரின் கருத்தையும் தொடக்கத்திலேயே கேட்டறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.